டர்போ வைக்குமுன் என்ஜினைப் பலப்படுத்த வேண்டுமா?

கேள்வி:

தென்காசி பக்கம் இலஞ்சியில் இருக்கிறேன். 2018 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். ஓட்டம் 80,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வியாபார வேலையாக வாராவாரம் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகப் புனலூர் போய்வருகிறேன். கூட மூன்று நான்கு பேர், டிக்கியில் சரக்கு, ஏ.சி. வேறு. புளியரை எஸ் வளைவு ஏறும்போது வண்டி திணறுகிறது.

தெரிந்த மெக்கானிக் ஒருவர், "டர்போ கிட் மாட்டிவிடலாம், பிக்கப் பின்னி எடுக்கும்" என்கிறார். இன்னொருவர், "பிஸ்டன், கன்ராடு எல்லாம் ஃபோர்ஜ்டு போடாமல் டர்போ வைத்தால் என்ஜின் சிதறிவிடும்" என்கிறார். மூன்றாமவரோ, "பிரஷரைக் குறைவாக வைத்துக்கொண்டால் உள்ளே எதையும் தொட வேண்டாம்" என்கிறார். யார் சொல்வது சரி? பலப்படுத்துவதா வேண்டாமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? கேரளத்துக்குள் போய்வரும் வண்டி என்பதால் சட்டச் சிக்கல் வருமா?

இலஞ்சி வாசகர்

பதில்:

தம்பி, மூவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூவருமே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் பதிலுக்குப் போய்விட்டார்கள். எவ்வளவு அழுத்தம், எத்தனை ஆர்.பி.எம்.மில், எந்த நிலையில் இருக்கிற என்ஜினுக்கு? இந்த மூன்றும் தெரியாமல் "போடு" என்பதும் தவறு, "போடாதே" என்பதும் தவறு.

உங்களுக்கான முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புளியரை ஏற்றத்துக்கு உங்கள் காருக்கு டர்போ தேவையில்லை. அதற்கான கணக்கைக் கடைசியில் தருகிறேன். ஆனாலும் நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. பணத்தைப் போட்டு என்ஜினை இழந்தவர்கள் பலரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனவர்கள்தான். ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

டர்போ வந்தால் எதன் மேல் பாரம் ஏறுகிறது?

உங்கள் காரில் இருப்பது கே12எம் என்ஜின். நான்கு சிலிண்டர், 1,197 சி.சி., ஒவ்வொரு பிஸ்டனும் 73 மில்லிமீட்டர் அகலம். 6,000 ஆர்.பி.எம்.மில் 83 குதிரைத்திறன், 4,200-ல் 113 நியூட்டன் மீட்டர் இழுவை என்பது கம்பெனிக் கணக்கு. கம்ப்ரஷன் விகிதம் 11-க்கு 1. இந்தக் கடைசி எண்ணை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் தொல்லையெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த மாதிரி என்ஜினில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால், எரியும்போது சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் 60, 70 பார் அளவுக்குப் போகும். அதைப் பிஸ்டன் தலையின் பரப்போடு பெருக்கினால், ஒவ்வொரு எரிதலுக்கும் சுமார் 3 டன் பாரம் பிஸ்டன் மேல் இறங்குகிறது. டர்போ என்ஜினில் 100 பார் சர்வசாதாரணம். அப்போது அதே பிஸ்டனில் 4 டன்னுக்கு மேல். 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடுகிற என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 25 முறை இது நடக்கிறது.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல ரயிலை விட நல்ல உதாரணம் இல்லை. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைப்பாதையில் ரயிலுக்குப் பின்னால் இன்னொரு என்ஜின் வைத்துத் தள்ளுவார்கள். தள்ளும் பலம் கூடியதும் அந்தப் பாரத்தை நடுவில் இருக்கிற ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு இணைப்பும் தாங்கியாக வேண்டும். டர்போவும் அப்படித்தான். பிஸ்டனில் தொடங்கி கன்ராடு, பேரிங், கிராங்க், கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்ஸில் வரை எல்லாவற்றின் மேலும் பாரம் ஏறும். எது பலவீனமோ அது முதலில் போகும். எது பலவீனம் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் கேள்விக்கான விடை.

கன்ராடை உடைப்பது எது, வளைப்பது எது?

டர்போ வைத்தால் கன்ராடு உடையும் என்று பட்டறைகளில் பொதுவாகச் சொல்வார்கள். அதில் பாதிதான் சரி. கன்ராடின் மேல் இரண்டு விதமான பாரம் வருகிறது. ஒன்று, மேலே போன பிஸ்டனை நிறுத்திக் கீழே இழுக்கும்போது வரும் இழுப்பு. இது ஆர்.பி.எம்.மின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 4,000-லிருந்து 6,000-க்குப் போனால் இழுப்பு ஒன்றரை மடங்கு அல்ல, இரண்டேகால் மடங்கு. கன்ராடையும் அதன் போல்ட்டையும் அறுப்பது பெரும்பாலும் இந்த இழுப்புதான். டர்போ வைத்ததால் மட்டும் இது கூடுவதில்லை.

இன்னொன்று, எரிதல் கொடுக்கும் அமுக்கம். டர்போவால் கூடுவது இதுதான். இது கன்ராடை அறுக்காது, வளைக்கும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. அதிக ஆர்.பி.எம்.மில் பிஸ்டனின் வேகமே அமுக்கத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடும். குறைந்த ஆர்.பி.எம்.மில் அந்த உதவி கிடைக்காது. ஆகவே 1,800, 2,000-லேயே முழு அழுத்தமும் வந்து நிற்கும்படி சின்ன டர்போவை மாட்டி, அந்த நிலையில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால், அதுதான் கன்ராடு வளையும் நேரம். மலை ஏறும்போது நாம் செய்வதும் அதுவே.

எனவே கன்ராடு மாற்ற வேண்டுமா என்று கேட்பவர் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். உச்ச இழுவை எவ்வளவு? அது எந்த ஆர்.பி.எம்.மில் வரப்போகிறது? கம்பெனி வைத்த ரெட்லைனைத் தாண்டாமல், அழுத்தம் 2,500, 3,000-க்கு மேல் மெல்ல மெல்ல ஏறும்படி வைத்தால், அதே உச்ச அழுத்தத்துக்கு ஒரிஜினல் கன்ராடு பிழைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

பிஸ்டனுக்கு எமன் நாக்கிங்

கன்ராடை விட முதலில் போவது பிஸ்டன். அதையும் நேரடியாக அழுத்தம் கொல்வதில்லை. நாக்கிங்தான் கொல்கிறது. பிளக் பொறி போட்டு தீ பரவி வருவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கிற கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே குப்பென்று பற்றிக்கொள்வதுதான் நாக்கிங். டிக்டிக்கென்று சுத்தியல் நுனியால் தட்டும் சத்தம் கேட்கும். டர்போ என்ஜினில் அந்தச் சத்தம் காதில் விழுவதற்குள் காரியம் முடிந்திருக்கும். ரிங் உட்காரும் பள்ளங்களுக்கு நடுவே இருக்கிற மெல்லிய வரம்பு உடைந்துவிடும். பிறகு புகை, ஆயில் குடிப்பது, ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷனே இல்லாமல் போவது.

11-க்கு 1 என்ற கம்ப்ரஷன் இங்கேதான் வில்லனாகிறது. டர்போ அரை பார் அழுத்தம் கொடுக்கிறது என்று வையுங்கள். பம்பு கடைக் கணக்கில் சொன்னால் 7 பி.எஸ்.ஐ. 30 டிகிரியில் உள்ளே போன காற்று, இந்த அமுக்கத்தாலேயே 85, 90 டிகிரிக்குச் சூடாகி வெளியே வரும். அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் இல்லாவிட்டால் அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போய், அங்கே இன்னும் 11 மடங்கு அமுக்கப்படும். பங்கில் கிடைக்கிற சாதாரண பெட்ரோல் அதைத் தாங்காது. சாரல் காலத்தில் குற்றாலத்துக் குளிர்காற்றில் நன்றாக ஓடும் வண்டி, சித்திரை வெயிலில் ஆலங்குளம் பக்கம் போகும்போது நாக்கிங் கொடுக்கும். டியூனிங்கை வெயில் நாளை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

ரிங்குகளின் வாய் இடைவெளியும் முக்கியம். 73 மி.மீ. பிஸ்டனில் சாதாரண என்ஜினுக்கு மேல் ரிங்கின் இடைவெளி சுமார் 0.3 மி.மீ. இருந்தால் போதும். டர்போ சூட்டில் ரிங் கூடுதலாக நீளும். இடைவெளி போதாவிட்டால் இரண்டு முனையும் ஒன்றையொன்று முட்டி, சிலிண்டர் சுவரைப் பிராண்டி, பிஸ்டன் வரம்பை உடைத்துவிடும். அதனால் டர்போ என்ஜினுக்கு அதை 0.4 மி.மீ. அளவுக்கு அகலப்படுத்துவார்கள். ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு, ரிங் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்காமல் மாட்டினால் செலவழித்தது வீண்.

1962-ல் கிடைத்த பாடம்

இது புதிய சிக்கல் அல்ல. டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் இரண்டு கார்களும் 1962-ல் அமெரிக்காவில் ஒரே நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து வந்தவை. செவ்ரோலே கார்வேர் ஸ்பைடரில் கம்ப்ரஷனை 8-க்கு 1 என்று குறைத்தார்கள். கிராங்க் போன்ற உள் உறுப்புகளையும் பலப்படுத்தினார்கள். ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரிலோ கம்ப்ரஷனைக் குறைக்கவில்லை. 10.25-க்கு 1 என்று வைத்துக்கொண்டார்கள். நாக்கிங் வராமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித் தொட்டியிலிருந்து உள்ளே தெளிக்கும் ஏற்பாடு செய்தார்கள். வாங்கியவர்கள் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். புகார்கள் குவிந்தன. கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்ப்பரேட்டர் மாட்டிக்கொடுத்தார்கள். 1963-க்குப் பிறகு அந்தக் கார் வரவில்லை.

11-க்கு 1 கம்ப்ரஷனில் டர்போ வைப்பது ஜெட்ஃபயர் போன வழி. இன்று இன்ஜெக்ஷனும் நாக் சென்சாரும் இருப்பதால் கொஞ்சம் கூடுதல் தூரம் போகலாம். ஆனால் எல்லை இருக்கிறது.

பக்கத்து ஊர் ஜீப்பில் டர்போ வைத்து ஒன்றும் ஆகவில்லையே என்று யாராவது சொன்னால், அது டீசல் என்பதை நினைவுபடுத்துங்கள். டீசல் என்ஜின் காற்றை மட்டும் இழுத்து அமுக்குகிறது. எரிபொருள் கடைசி நேரத்தில்தான் தெளிக்கப்படுகிறது. பெட்ரோல் என்ஜினில் வருகிற நாக்கிங் அதில் இல்லை. அதன் பிளாக்கும் பிஸ்டனும் தொடக்கத்திலேயே அதிக அழுத்தத்துக்கென்று கனமாகச் செய்யப்பட்டவை. டீசலின் அனுபவத்தைப் பெட்ரோலுக்குக் கொண்டுவரக் கூடாது.

முதலில் என்ஜினைச் சோதியுங்கள்

பலப்படுத்துவதா என்று முடிவெடுக்குமுன், இப்போது என்ஜின் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். 80,000 கிலோமீட்டர் ஓடிய என்ஜின் நன்றாகவும் இருக்கலாம், தேய்ந்தும் இருக்கலாம்.

முதலாவது கம்ப்ரஷன் டெஸ்ட். என்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலும் பொறியும் வராதபடி இணைப்பைத் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். நான்கு சிலிண்டர் எண்ணையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். எண் பெரிதா சிறிதா என்பதை விட நான்கும் ஒத்துப்போகின்றனவா என்பதுதான் முக்கியம். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 10 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் நல்லது. ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட்.

இரண்டாவது லீக்டவுன் டெஸ்ட். இதைச் செய்யாத பட்டறையில் டர்போ வேலை கொடுக்காதீர்கள். பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் துளை வழியாக கம்ப்ரஸர் காற்றை விட்டு, எத்தனை சதவீதம் கசிகிறது என்று மீட்டரில் பார்ப்பார்கள். பிறகு காதை வைத்துக் கேட்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று சத்தம் வந்தால் காற்று ரிங்கைத் தாண்டிப் போகிறது. சைலன்ஸரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். 10 சதவீதத்துக்குள் கசிவு இருந்தால் என்ஜின் ஆரோக்கியம். 20-ஐத் தாண்டினால் டர்போ பேச்சை விட்டுவிட்டு என்ஜின் வேலை பார்க்க வேண்டியதுதான். தேய்ந்த என்ஜினில் டர்போ வைத்துவிட்டு, டர்போ கெடுத்துவிட்டது என்று சொல்வது நியாயமில்லை.

மூன்றாவது, சூட்டில் ஆயில் பிரஷர். நான்காவது, ரேடியேட்டரும் கூலன்ட்டும். ஏ.சி. போட்டு மலை ஏறும்போது இப்போதே டெம்பரேச்சர் ஏறினால், டர்போ சூட்டை அது தாங்காது.

எந்த அளவுக்கு எதைப் பலப்படுத்துவது?

இவை பட்டறை அனுபவத்தில் ஒத்துக்கொள்ளப்பட்ட தோராய எல்லைகள். உங்கள் மாதிரி 11-க்கு 1 கம்ப்ரஷன் உள்ள சிறிய பெட்ரோல் என்ஜினை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

0.3 முதல் 0.4 பார் வரை, அதாவது சுமார் 4 முதல் 6 பி.எஸ்.ஐ.: சோதனைகளில் தேறிய என்ஜின் என்றால் ஒரிஜினல் பிஸ்டனும் கன்ராடும் பொதுவாகத் தாங்கும். இழுவை 113-லிருந்து 140, 145-க்குப் போகும். ஆனால் இன்டர்கூலர் கட்டாயம். கம்ப்யூட்டர் டியூனிங் கட்டாயம். இயற்கைக் காற்றை மட்டும் இழுக்கும் என்ஜினின் கம்ப்யூட்டருக்கு அதைத் தாண்டிய அழுத்தத்தில் எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும், எப்போது பொறி போட வேண்டும் என்ற கணக்கே கிடையாது. மூன்றாவது மெக்கானிக் சொன்னது இந்த நிபந்தனைகளோடுதான் சரி.

0.5 முதல் 0.7 பார் வரை: இங்கே ஒரிஜினல் கம்ப்ரஷன் ஒத்துவராது. நாக்கிங்கைத் தவிர்க்கப் பொறியைத் தாமதப்படுத்திக்கொண்டே போனால், கிடைக்க வேண்டிய பலம் கிடைக்காமல் சூடு மட்டும் எக்ஸாஸ்டில் ஏறும். ஆகவே என்ஜினைத் திறந்து, கம்ப்ரஷனை 9 அளவுக்குக் குறைக்கும் ஃபோர்ஜ்டு பிஸ்டன், சரியான ரிங் இடைவெளி, பல அடுக்கு ஸ்டீல் ஹெட் கேஸ்கட், புதிய ஹெட் போல்ட் அல்லது ஸ்டட் போட வேண்டும். பிஸ்டனை வெளியே எடுத்த பிறகு கன்ராடையும் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். இரண்டாவது மெக்கானிக் சொன்னது இந்த இடத்துக்குப் பொருந்தும்.

1 பாருக்கு மேல்: பிளாக், ஆயில் பம்பு, கியர்பாக்ஸ், ஆக்ஸில், பிரேக் எல்லாமே கேள்விக்குரியவை. இது ரேஸ் டிராக்கின் வேலை. குடும்பத்தோடு போகும் காரின் வேலை அல்ல.

ஃபோர்ஜ்டு பிஸ்டன் வலிமையானது என்பதற்காக அதை வரமாக மட்டும் நினைக்காதீர்கள். அது சூட்டில் கூடுதலாக விரியும் என்பதால் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே கூடுதல் இடைவெளி வைப்பார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தடதடவென்று சத்தம் வரும், ஆயில் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். தினமும் கடைக்கும் வீட்டுக்கும் ஓடும் வண்டியில் இந்தத் தொல்லை நிரந்தரம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கையில் இருக்கிற பணம் ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கோ நல்ல டியூனிங்குக்கோ ஏதாவது ஒன்றுக்குத்தான் போதும் என்றால், டியூனிங்குக்கே கொடுங்கள். முழு அழுத்தத்தில் காற்று-பெட்ரோல் விகிதம் எப்படி இருக்கிறது என்பதை வைட்பேண்ட் சென்சார் வைத்து, டைனோவில் ஓட்டிப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் நாக்கிங்கைத் தள்ளிப்போடும் என்பது நல்லது. ஆனால் சுத்த பெட்ரோலுக்கு 14.7 என்று இருக்கிற விகிதம், இந்தக் கலவைக்குச் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் ஊற்ற வேண்டும். பழைய கணக்கை அப்படியே ஏற்றும் ஆளிடம் வண்டியைக் கொடுத்தால் கலவை நீர்த்துப்போய் பிஸ்டன் உருகும். தவறான டியூனிங்கில் ஃபோர்ஜ்டு பிஸ்டன் கொஞ்சம் தாமதமாகச் சாகும், அவ்வளவுதான். சரியான டியூனிங்கில் சாதாரண பிஸ்டனும் பல வருடம் வாழும்.

என்ஜினுக்கு வெளியேயும் பார்க்க வேண்டியவை உண்டு. இழுவை 30 சதவீதம் கூடினால் முதலில் வழுக்குவது கிளட்ச். டர்போவுக்குப் போகும் ஆயில் தன் எடையாலேயே சம்புக்குத் திரும்ப வேண்டும். அந்தக் குழாய் மடங்கியோ உயரம் குறைந்தோ இருந்தால் டர்போ வழியாக ஆயில் கசிந்து நீலப்புகை தள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அசல் விவரங்களோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அந்த வழக்கு கேரளத்திலிருந்து போனது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். டர்போ வைத்தால் சி.சி. மாறவில்லையே என்று வாதாடலாம். ஆனால் பலமும் புகை அளவும் கம்பெனி அனுமதி வாங்கிய கணக்கிலிருந்து மாறிவிடுகின்றன. கேரளத்தில் வண்டி மாற்றங்கள் மீதான சோதனை கடுமை என்பது புளியரையைத் தாண்டிப் போய்வரும் உங்களுக்கே தெரியும்.

இதை விடப் பெரிய கவலை இன்ஷூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு தெரிந்தால், இழப்பீடு தர மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகிறவர் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

டர்போ கட்டுவதில் உண்மையான ஆசை இருப்பவர்களுக்கு இடம் இருக்கிறது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக் இரண்டும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. அதற்கென்று தனி வண்டி, உரிய லைசென்ஸ், ஹெல்மெட்டோடு அங்கே ஓட்டட்டும்.

புளியரை ஏற்றத்தின் கணக்கு

வண்டி, ஆட்கள், சரக்கு எல்லாம் சேர்ந்து 1,300 கிலோ என்று வைப்போம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் கடுமையான சாய்வில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போக, காற்றுத் தடை, டயர் உராய்வு, ஏ.சி. எல்லாம் சேர்த்துச் சுமார் 27 குதிரைத்திறன் போதும். உங்கள் என்ஜினிடம் 83 இருக்கிறது. பிறகு ஏன் திணறுகிறது?

கியர்தான் காரணம். நாலாவது கியரில் 40-ல் போகும்போது என்ஜின் 1,300, 1,400 ஆர்.பி.எம்.மில் சுற்றுகிறது. அந்த வேகத்தில் அது தருவது 18 குதிரைத்திறன் மட்டுமே. நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் அதற்கு மேல் அதனிடம் இல்லை. இரண்டாவது கியருக்கு இறக்கினால் அதே 40 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் சுமார் 2,700-ல் சுற்றி, தேவையான 27-ஐ விடத் தாராளமாகவே கொடுக்கும். சத்தம் கூடுகிறதே என்று பயப்பட வேண்டாம். 6,000 வரை சுற்றும்படி செய்யப்பட்ட என்ஜினுக்கு 2,700 ஒரு சுமையே அல்ல. குறைந்த ஆர்.பி.எம்.மில் உறுமவிட்டு ஏற்றுவதுதான் அதற்குக் கெடுதல். எஸ் வளைவில் முந்துவதை மட்டும் எந்த என்ஜினாக இருந்தாலும் செய்யாதீர்கள்.

கியர் இறக்கியும் திணறினால் ஏர் ஃபில்டர், பிளக், பெட்ரோல் பிரஷர், கிளட்ச் வழுக்கல், பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், கேட்டலிட்டிக் அடைப்பு என்று வரிசையாகப் பாருங்கள். டர்போ கிட்டின் விலையில் சிறு பங்குகூட ஆகாது.

எல்லாம் சரியாக இருந்தும் டர்போ இழுவைதான் வேண்டும் என்று தோன்றினால், கம்பெனியே டர்போ வைத்த காருக்கு மாறுங்கள். மாருதி ஃப்ரான்க்ஸ் ஒரே கார் இரண்டு பெட்ரோல் என்ஜினோடு வருகிறது. 1.2 லிட்டர் சாதாரண என்ஜின் 113 நியூட்டன் மீட்டரை 4,400 ஆர்.பி.எம்.மில் தருகிறது. ஒரு லிட்டர் பூஸ்டர்ஜெட் டர்போ 148-ஐ 2,000-லிருந்தே தருகிறது. அந்த டர்போ என்ஜினில் கம்ப்ரஷன் 10-க்கு 1 என்று குறைக்கப்பட்டிருக்கிறது. பெட்ரோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. வாரன்ட்டி இருக்கிறது, ஆர்.சி.யில் சிக்கல் இல்லை. நீங்கள் பட்டறையில் செய்ய நினைக்கும் பலப்படுத்தும் வேலையை அவர்கள் வடிவமைக்கும்போதே முடித்துவிட்டார்கள்.

இந்த வாரமே கம்ப்ரஷன் டெஸ்டும் லீக்டவுன் டெஸ்டும் எடுத்து எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை புனலூர் போகும்போது ஏற்றம் தொடங்குமுன்பே கியரை இறக்கி 2,500-க்குக் கீழே போகாமல் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் டர்போ வேண்டும் என்று தோன்றினால், அந்த எண்களோடு எனக்கு எழுதுங்கள். எவ்வளவு அழுத்தம் வைக்கலாம், எதை மாற்ற வேண்டும் என்று உங்கள் என்ஜினுக்கென்றே உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.